பழைய பிரம்புக் கூடைக்கு உட் ஸ்டெயின் பூசும் முறை

பிரம்புக் கூடை நிறம் மங்கிப்போனால் பலருக்கும் முதலில் தோன்றுவது எனாமல் பெயிண்ட்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெயிண்ட் மேலே தனித் தோலாக நிற்கும். கூடையோ தூக்கும்போதெல்லாம் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற பொருள். வளைய வளைய அந்தத் தோல் பின்னல் ஏறி இறங்கும் இடங்களில் வெடித்து, செதில் செதிலாக உதிரும். அதைவிட எனக்குப் பொறுக்காதது, பின்னல் இடுக்குகளில் பெயிண்ட் போய் அடைத்துக்கொள்வது. ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக ஓட்டிச் செய்த வேலை அதோடு மூடிப்போகிறது. உட் ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறம் ஏற்றப் பூசுகிற திரவம், நாருக்குள் இறங்கி நிறத்தை மட்டும் மாற்றும். பின்னலும் நாரின் ரேகையும் அப்படியே தெரியும்.

நான் இருப்பது சிதம்பரத்தில். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி சீர்காழிக்குப் போகிற வழியில் தைக்கால் இருக்கிறது. சாலையோரக் கடைகளில் ஊஞ்சல், தொட்டில், நாற்காலி, கூடை எல்லாம் பிரம்பிலேயே செய்து தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக் கூடைகள் பெரும்பாலும் அங்கே வாங்கியவைதான். புதிதாக இருக்கும்போது வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். சில வருடங்களில் ஜன்னல் பக்கம் வெளிறி, கைப்பிடி மட்டும் கறுத்து, திட்டுத் திட்டாகிவிடும். அந்த நிலையில் இருக்கிற கூடைக்குத்தான் ஸ்டெயின் சரியான மருந்து. நார் முறிந்து, பூச்சி அரித்து மாவு கொட்டுகிற கூடைக்கு நிறம் ஏற்றிப் பயனில்லை.

டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கூடை எதனால் ஆனது என்று பார்த்துவிடுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்ததுதான். பிரம்புக்கு வெளியே வழவழப்பான ஒரு மேல்தோல் உண்டு. அதில் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் தண்ணீரே லேசில் இறங்காது, ஸ்டெயினும் இறங்காது. தோலைச் சீவி எடுத்தபின் கிடைக்கிற உள்தண்டு அதற்கு நேர்மாறு. சின்னச் சின்னத் துளைகள் நிறைந்தது, எதைத் தொட்டாலும் உறிஞ்சிவிடும். மூங்கிலும் இப்படித்தான். பத்தையின் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி, உள்பக்கம் சொரசொரப்பு. ஆகவே தோல் உள்ள இழையும் தோல் சீவிய இழையும் கலந்து பின்னிய கூடையில் ஒரே டப்பா ஸ்டெயின் இரண்டு நிறமாக வரும். தோல் இழை வெளிர் தேன் நிறத்தில் நிற்கும்; உள்தண்டு இழை காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். எனக்கு அந்த இரட்டை நிறம் மிகவும் பிடிக்கும், பின்னல் முறை இன்னும் எடுப்பாகத் தெரியும். ஆனால் இப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒயர் கூடைக்கு இது எதுவும் பொருந்தாது. பிளாஸ்டிக்கில் ஸ்டெயின் ஒட்டாது. பிரம்பு மாதிரியே செய்த பிளாஸ்டிக் கூடைகளும் இப்போது நிறைய வருகின்றன. சந்தேகம் இருந்தால் ஓர் இழையின் வெட்டு முனையைப் பாருங்கள். உண்மைப் பிரம்பில் ஊசி குத்தினது போலச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். பனை ஓலைப் பெட்டிகளையும் விட்டுவிடுங்கள். ஓலைக்கு நிறம் வேண்டும் என்றால் பின்னுவதற்கு முன்பே சாயத்தில் கொதிக்க வைத்துத்தான் ஏற்றுவார்கள். பின்னி முடித்த ஓலையில் ஸ்டெயின் பூசினால் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

அடுத்தது சொட்டுத் தண்ணீர்ச் சோதனை. கூடையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நிமிடத்தில் அந்த இடம் கறுத்து ஈரத்தை இழுத்துக்கொண்டால் நேரடியாக வேலையைத் தொடங்கலாம். சொட்டு முத்தாக நின்றால் அங்கே தோல் இருக்கிறது, அல்லது முன்பே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். கல்யாண சீர்வரிசையில் பழம், பலகாரம் வைத்து வருகிற கூடைகளில் அநேகமாக வார்னிஷ் இருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் ஸ்டெயின் பூசினால் மேலேயே பிசுபிசுவென்று நிற்கும், காயாது, கையில் ஒட்டும்.

கடையில் கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பெயிண்ட் கடையில் 'ஸ்டெயினர்' என்று கேட்டால் சுவர்ப் பெயிண்டில் கலக்கிற நிறச் சாயத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு பொருள். "அண்ணே, மரத்துக்குப் பாலிஷ் போடுறதுக்கு முன்னாடி பூசுற உட் ஸ்டெயின் வேணும்" என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். டீக், வால்நட், மஹோகனி, ரோஸ்வுட் என்று மரத்தின் பெயரில்தான் நிறங்கள் இருக்கும். ஸ்டெயினால் நிறத்தை அடர்த்தியாக்கத்தான் முடியும், வெளிறச் செய்ய முடியாது. கறுத்த கைப்பிடி இருக்கிற கூடைக்கு அந்தக் கைப்பிடியை விட அடர்ந்த நிறமாகப் பார்த்து எடுத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். நான் பெரும்பாலும் வால்நட்தான் எடுக்கிறேன். மஹோகனி பிரம்பின் மஞ்சளோடு சேரும்போது செங்கல் நிறம் அடிக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை.

டப்பாவில் எதைக் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். தின்னர் கலக்கிற வகை நிமிடங்களில் காய்ந்துவிடும். மேசைப் பலகைக்கு அது நல்லதுதான். கூடையில் நூறு இடுக்கு இருக்கிறது. ஒரு பக்கம் பூசி மறுபக்கம் திருப்புவதற்குள் முதல் பக்கம் காய்ந்து கோடு விழும். ஸ்பிரே துப்பாக்கி இருக்கிற பாலிஷ்காரருக்கு அது சரி. கையால் பூசுகிற நமக்கு டர்பன்டைன் கலக்கிற எண்ணெய் வகையோ, தண்ணீர் கலக்கிற வகையோ மேல். இரண்டுமே துடைக்க நேரம் கொடுக்கும். தண்ணீர் வகையில் வாடை குறைவு, ஆனால் காய்ந்தபின் நார் கொஞ்சம் சிலிர்த்து நிற்கும். நடுத்தர அளவுக் கூடை ஒன்றுக்கு 200 மி.லி. தாராளம்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். எங்கள் பக்கம் அப்போது காற்றே ஈரமாக இருக்கும். பூசினது காயாது, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சையும் பிடிக்கும். மாசி, பங்குனி நல்ல காலம். முதலில் கூடையைக் கவிழ்த்துத் தட்டி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்குத் தூசியை எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தை இரண்டு முறை துடையுங்கள், எண்ணெய் இருக்கிற இடத்தில் ஸ்டெயின் ஏறாது. அப்புறம் நிழலில், காற்றோட்டத்தில் ஒரு முழு நாளாவது விடுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்பது சரிதான், ஆனால் பிரம்பு விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

உப்புத்தாள் 180ஆம் நம்பரும் 320ஆம் நம்பரும் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள். தோல் பளபளப்பு உள்ள இடங்களில் 180ஐ நாரின் போக்கிலேயே லேசாக ஓட்டினால் போதும். பளபளப்பு மங்கி வெளிறிய மாதிரி ஆகும்வரைதான். அழுத்தித் தேய்த்தால் தோல் கிழிந்து நார் பிரியும். வார்னிஷ் கூடை என்றால் இந்த வேலைக்கே பாதி நாள் ஆகும், பொறுமையாகச் செய்யுங்கள். நீட்டிக்கொண்டிருக்கிற சிம்புகளை நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள். தூசியை ஈரத்துணியால் எடுத்துவிட்டுக் காயவிடுங்கள்.

இனி பூசுவது. ஜன்னல் திறந்திருக்கிற இடமாகவோ மொட்டைமாடி நிழலாகவோ பார்த்து, செய்தித்தாள் விரித்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவை நன்றாகக் கலக்குங்கள், நிறம் அடியில்தான் படிந்திருக்கும். முதலில் அடிப்பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பூசிப் பார்த்து, மறுநாள் காய்ந்த நிறத்தைப் பாருங்கள். ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பாதீர்கள். அடர்த்தி அதிகமாகத் தெரிந்தால் டப்பாவில் சொன்ன திரவத்தைக் கொஞ்சம் கலந்து நீர்க்கச் செய்யலாம்.

உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உள்ளே பூசும்போது இடுக்கு வழியே வெளியே கசியும். கடைசியில் வெளிப்பக்கம் பூசும்போது அந்தக் கசிவெல்லாம் சேர்ந்துவிடும். ஒன்றரை அங்குல பிரஷ்ஷை நுனி மட்டும் நனைத்து, டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, பின்னலின் குறுக்கே ஒரு தடவையும் நீளவாக்கில் ஒரு தடவையும் ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் இழை மடங்குகிற இடமெல்லாம் வெள்ளையாக நிற்கும். பிரஷ் போகாத இடத்துக்குப் பழைய பல் பிரஷ். கைப்பிடியும் வாய்ப்பகுதிக் கட்டும் கடைசியில்.

ஒரு பக்கம் முடிந்ததும், ஐந்து பத்து நிமிடத்துக்குள், பழைய பனியன் துணியால் துடைத்து எடுங்கள். இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். நார் குடித்தது போக மேலே நிற்பது எல்லாம் மிச்சம்; அது காய்ந்தால் பிசுக்காகத்தான் இருக்கும். துடைத்தால் நிறம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். அடர்த்தி வேண்டுமானால் ஒரு நாள் காயவைத்து இரண்டாவது முறை பூசுங்கள். தோல் இழைகள் அப்போதும் வெளிறியே நின்றால் அதை அப்படியே விடுங்கள். மேலே மேலே பூசி அதை உள்ளே இறக்க முடியாது.

நன்றாகக் காய்ந்ததும் 320ஆம் நம்பர் தாளை ஒரே ஒரு முறை தடவி, சிலிர்ப்பை அடக்கிவிட்டு, மேலே தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். மெல்லியதாக இருக்கட்டும். மேட் வகை கிடைத்தால் அதுதான் பிரம்புக்கு அழகு, பளபளா வகை பிளாஸ்டிக் தோற்றம் கொடுத்துவிடும். பிரஷ்ஷை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். கீழே இருக்கிற ஸ்டெயின் கரைந்து கிளம்பிவரும்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. எண்ணெய் வகை ஸ்டெயின் காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டி வைத்த துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. துணியைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

ஸ்டெயின் பூசிய கூடையில் அரிசி, காய்கறி, பூ என்று நேரடியாக எதையும் வைக்காதீர்கள். செய்தித்தாள், நூல்கண்டு, பூந்தொட்டி மறைப்பு, அழுக்குத் துணி இவற்றுக்கு நல்லது. அழுக்குத் துணிக் கூடையென்றால் உள்ளே ஒரு பருத்தித் துணி தைத்துப் போடுங்கள். ஈரத் துண்டு பட்டால் வெள்ளைச் சட்டையில் சாயம் இறங்கும். நேர் வெயில் விழுகிற இடத்தில் வைத்தால் நிறம் மறுபடி வெளிறும், அதனால் கூடையை அவ்வப்போது திருப்பி வையுங்கள்.