டாக்டர் ஹூ கதைகளுக்கு மார்க் போடும் கூட்டம்: பெங்களூரில் நடத்துவது எப்படி

'டாக்டர் ஹூ' பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர். அதன் நாயகன் டாக்டர், காலத்தில் பயணிக்கும் வேற்றுகிரகவாசி. அவ்வப்போது முகம் மாறும், நடிகரும் மாறுவார். 1984 மார்ச் 16 அன்று அதில் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி' என்ற கதை முடிந்தது. ஆறே நாளில், 22-ஆம் தேதி, 'தி ட்வின் டைலமா' தொடங்கியது. 2009-இல் 'டாக்டர் ஹூ மேகசின்' வாசகர்கள் அதுவரை வந்த 200 கதைகளையும் வரிசைப்படுத்தினார்கள். முன்னதற்கு முதலிடம், பின்னதற்கு 200-ஆவது இடம். தயாரிப்பாளர் ஒருவரே, சீசனும் ஒன்றே. மாறியது டாக்டர்தான். பீட்டர் டேவிசன் போய் காலின் பேக்கர் வந்தார். புது டாக்டர் முதல் எபிசோடிலேயே கூட வரும் பெண்ணின் கழுத்தை நெரிக்கிறார். அந்தக் கதையோடு சீசனும் முடிந்துவிட, அந்த முகத்தை நினைவில் வைத்தபடி ரசிகர்கள் 1985 ஜனவரி வரை காத்திருந்தார்கள். 200-ஆவது இடத்துக்குக் கதை பாதிக் காரணம், அந்தக் காத்திருப்பு மீதி.

ஆக, மார்க் என்பது கதைக்கு மட்டும் விழுவதில்லை. எப்போது பார்த்தோம், யாரோடு பார்த்தோம், அதற்கு முன்னால் எதைப் பார்த்தோம் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். எட்டுப் பேர் கூடிப் பார்த்து, விவாதித்து, ஒரு பட்டியல் போடுவதென்றால் இந்தக் கலப்படத்தை எவ்வளவு பிரிக்க முடியுமோ அவ்வளவு பிரிக்க வேண்டும். இந்தக் குறிப்பு அதற்குத்தான்.

முதலில் எது 'ஒரு கதை' என்று முடிவு செய்யுங்கள்

1963 நவம்பர் 23-இல் தொடங்கி 1989 வரை ஓடிய பழைய தொடரில் ஒரு கதை பெரும்பாலும் 25 நிமிட எபிசோடுகள் நான்கிலோ ஆறிலோ முடியும். 2005-இல் திரும்பி வந்த தொடரில் பெரும்பாலும் 45 நிமிடத்தில் ஒரு கதை. இரண்டுக்கும் நடுவே குழப்பமான இடங்கள் உண்டு. 1986-இன் 'தி ட்ரையல் ஆஃப் எ டைம் லார்ட்' 14 எபிசோடுகள். அது ஒரு கதையா, நான்கு கதைகளா? 2007-இன் 'யுடோபியா'வை அடுத்த இரண்டு எபிசோடுகளோடு சேர்ப்பதா, தனியாக விடுவதா? எப்படி முடிவு செய்தாலும் தப்பில்லை, ஆனால் மார்க் போடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். மார்க் விழுந்த பிறகு பிரித்தால், பிடித்த பாதியை மேலே தூக்குவதற்காகப் பிரித்ததாகத்தான் படும்.

காணாமல் போன எபிசோடுகள் தனிச் சிக்கல். 1960-களின் டேப்புகளை பிபிசி அழித்து மறுபடி பயன்படுத்தியதால் முதல் ஆறு ஆண்டுகளில் நிறைய எபிசோடுகள் படமாக இல்லை. ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. வீட்டில் ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்த புண்ணியம். 1966-இன் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' ஆறு எபிசோடுகளும் போய்விட்டன. அதை 2016-இல் வந்த அனிமேஷனில்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்தால் மார்க்குக்குப் பக்கத்தில் 'அனி' என்று குறித்து, தனி வரிசையில் வையுங்கள். நடிகரின் கண்ணைப் பார்க்காமல் போடும் மார்க்கை மற்றதோடு கலக்கக் கூடாது. 'தி டோம்ப் ஆஃப் தி சைபர்மென்' தொலைந்திருந்த காலமெல்லாம் காவியம் என்று பேசப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து கிடைத்ததும், நல்ல கதைதான், ஆனால் காவியமா என்று பலர் இழுத்தார்கள். 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' நேர்மாறு. ஒரே ஒரு எபிசோடு மட்டும் மிஞ்சியிருந்தவரை சுமார் ரகம் என்றிருந்த பேச்சு, மீதி எபிசோடுகள் நைஜீரியாவில் கிடைத்து 2013-இல் வெளிவந்ததும் மாறிப் போனது.

எட்டுக் கதைகள், ஏறக்குறைய பத்து மணி நேரம்

முதல் சுற்றுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். கீழே உள்ள எட்டும் வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று இடிக்கிற மாதிரி எடுத்தவை: 'ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' (1975), 'சிட்டி ஆஃப் டெத்' (1979), 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி' (1984), 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' (2006), 'பிளிங்க்' (2007), 'மிட்நைட்' (2008), 'ஹெவன் சென்ட்' (2015), 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' (2018).

'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்', 'பிளிங்க்' ஜோடியைக் கழற்றிவிடாதீர்கள். இரண்டும் ஒரே நெருக்கடியில் பிறந்தவை. ஒரே நேரத்தில் இரண்டு எபிசோடுகள் படமாக்க வேண்டியிருந்ததால் இவற்றில் டாக்டர் தலைகாட்டுவதே கொஞ்சம்தான். அதே கட்டுப்பாட்டில் 'பிளிங்க்' தொடரின் உச்சிக்குப் போனது, 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' இன்றைக்கும் அடிதடி. அடிதடிக் கதையில் வரும் பூதம் ஒரு சிறுவன் போட்டிக்கு வரைந்து அனுப்பியது. அதைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் எல்லோரும் இரக்கத்தில் ஒரு மார்க் கூட்டிப் போடுவார்கள். மார்க் போட்ட பிறகு சொல்லுங்கள்.

'ஹெவன் சென்ட்' தனியாகவும் நிற்கும் என்பார்கள். பாதிதான் நிற்கும். முந்தைய எபிசோடில் நடந்த ஒரு சாவின் துக்கம் அதன் அடியில் ஓடுகிறது. புதிதாக வருபவர்கள் இருந்தால் 'ஃபேஸ் தி ரேவன்' முதலில் போட்டுக் காட்டுங்கள், அதற்கு மார்க் வேண்டாம்.

பழைய கதைகளை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். இது கண்டிப்பான விதி. 'ஜெனசிஸ்' ஆறு எபிசோடு, இரண்டரை மணி நேரம். வாரம் ஒன்றாக ஆறு வாரம் பார்க்க எழுதியது. சேர்த்துப் பார்த்தால் பிடிபடுவது, தப்பிப்பது, மறுபடி பிடிபடுவது என்று ஒரே காரிடாரில் ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். போதாததற்கு ஒவ்வொரு எபிசோடும் போன எபிசோடின் கடைசிக் காட்சியிலிருந்தே தொடங்கும். இரண்டிரண்டாகப் பார்த்து, நடுவில் பதினைந்து நிமிடம் விடுங்கள். காபி போட அந்த நேரம் சரியாக இருக்கும். 'அய்யோ, இப்ப என்ன ஆகும்' என்று கத்தல் வருவதற்கும் இடம் கிடைக்கும். அந்தக் கத்தல் இல்லாமல் போட்ட மார்க் பழைய கதைகளுக்கு அநியாயம்.

இடம், நேரம், கரண்ட்

ஞாயிறு மதியம் 3 மணி சரி. மாலை 6-க்கு வைத்தால் சில்க் போர்டைத் தாண்டி வருபவர் பாதிக் கதையில்தான் வந்து சேருவார். அல்சூர், மர்பி டவுன் பக்கம் வீடு கிடைத்தால் உத்தமம். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவருக்கு பர்ப்பிள் லைனில் ஹலசூரு ஸ்டேஷன் நேர் வழி. எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர் யெல்லோ லைனில் ஆர்.வி. ரோடு, அங்கிருந்து கிரீன் லைனில் மெஜஸ்டிக், அப்புறம் பர்ப்பிள் என்று இரண்டு இடத்தில் மாற வேண்டும். அவருக்கு அரை மணி முன்கூட்டியே நேரம் சொல்லுங்கள்.

அபார்ட்மென்டில் பவர் பேக்கப் இருக்கிறது என்றால் டிவி பிளக்குக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் ஓடும். கதைகள் முறைப்படி எங்கே கிடைக்கின்றன என்பது அவ்வப்போது மாறும். கூட்டத்துக்கு முந்தின நாளே டிவியில் போட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சப்டைட்டில் கட்டாயம். ஃபேன் சத்தமும் ஆட்டோ ஹாரனும் சேர்ந்தால் பழைய ஒலிப்பதிவில் வசனம் பிடிபடாது. தொடரின் இயந்திர உடல் வில்லன்களான டாலெக்குகளின் குரல், ரிங் மாடுலேட்டர் என்ற குரலைக் கரகரப்பாக்கும் கருவி வழியாக வருவது. வால்யூமைக் கூட்டினால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து நிற்பார்.

1970-களின் கதை ஓடுவதற்கு முன் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: உள்ளே எடுத்த காட்சிகள் வீடியோவில், வெளியே எடுத்தவை பெரும்பாலும் ஃபிலிமில். கதவைத் திறந்து வெளியே போனதும் படத்தின் நிறமே மாறும். அது டிவி கோளாறு இல்லை. செட்டும் பூதமும் மலிவாகத்தான் இருக்கும். 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' கதையில் வரும் புழு, பச்சைப் பெயின்ட் அடித்த பபிள் ராப். சிரிக்கட்டும். சிரிப்பை அடக்கச் சொன்னால் அது எரிச்சலாகி மார்க்கில் வந்து உட்காரும்.

மார்க்கும் அதன் சண்டைகளும்

பத்துக்கு மார்க் என்று மொட்டையாகச் சொன்னால் கணக்கு முதல் நாளே கெடும். விகடன் மார்க்கில் வளர்ந்தவருக்கு நூற்றுக்கு 45 என்பதே நல்ல படம். ஆப்பில் ஸ்டார் தட்டிப் பழகிய பையனுக்கு ஐந்துக்கு நான்குக்குக் கீழே எல்லாம் மொக்கை. இருவரும் 'சுமார்' என்றுதான் சொல்வார்கள். ஒருவர் தாளில் 4, இன்னொருவர் தாளில் 7. இதற்கு வைத்தியம், எண்ணுக்குப் பொருள் எழுதி ஒட்டுவது:

2 – பாதியில் எழுந்து போயிருப்பேன்
4 – ஒரு தடவை, அதுவும் கூட்டத்தோடு
6 – குறை சொல்லிக்கொண்டே முழுசாகப் பார்ப்பேன்
8 – வேறொருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன்
10 – இதை வைத்துத்தான் தொடரையே அறிமுகம் செய்வேன்

பார்த்து முடித்ததும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. துண்டுச்சீட்டு, பேனா, இரண்டு நிமிடம். முதலில் பேசுபவரின் கருத்தை அடுத்த மூன்று பேர் தங்களுக்கே தெரியாமல் எடுத்துக்கொள்வார்கள். குரல் பெரிதாக இருப்பவர் என்றால் ஐந்து பேர். சீட்டில் மார்க்கோடு ஒரு வரி இருக்க வேண்டும், அந்த வரியில் நடிகர் பெயர் வரக் கூடாது. "டென்னன்ட் செம" (டாக்டராக நடித்தவர்களில் ஒருவர்) என்பது கதையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, அது ரஜினி-கமல் சண்டை. "டாக்டர் பேசுவதை அந்தப் பெண் திருப்பிச் சொல்லச் சொல்ல, பயணிகள் ஒவ்வொருவராக மிருகமாகிறார்கள்" என்று எழுதினால் 'மிட்நைட்' ஏன் பிடித்தது என்பது தெரியும்.

பிறகு பேச்சு. ஆளுக்கு இரண்டு நிமிடம், எட்டுப் பேருக்குப் பதினாறு. 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்'புக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கதை 1947 ஆகஸ்ட், எடுத்தது ஸ்பெயினில். மண் பஞ்சாப் மாதிரி இல்லை என்பதில் பேச்சு தொடங்கும். பாடப் புத்தகத்தில் மட்டும் பிரிவினையைப் படித்த தமிழருக்கும், தாத்தா அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது ஒரே கதையாக இருக்காது. பேச்சு முடிந்ததும் இரண்டாவது மார்க். முதல் மார்க்கை அடிக்காமல் பக்கத்திலேயே எழுதுங்கள். பேச்சால் யார் எவ்வளவு நகர்ந்தார்கள் என்பதுதான் அந்தத் தாளில் படிக்கச் சுவையான பகுதி.

கூட்டும்போது சராசரியை நம்பாதீர்கள். ஒரு கதைக்கு 7, 7, 7, 7, 7, 6, 6, 1 விழுந்தால் சராசரி 6. ஒரே ஆளின் கோபம் கதையை ஒரு மார்க் கீழே இழுத்துவிட்டது. எட்டு மார்க்குகளையும் வரிசையில் அடுக்கி, நடுவில் நிற்கும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 7. அந்த நடு மார்க்கையே பட்டியலில் போடுங்கள். அதுவும் முழு நியாயம் ஆகாது. 9, 9, 8, 8, 2, 2, 2, 2 என்று விழுந்த கதைக்கு நடு மார்க் 5, ஆனால் அந்த அறையில் 5 கொடுத்தவர் யாருமே இல்லை. எல்லோரும் 5 கொடுத்த சவசவ கதைக்கும் அதே 5. ஆகவே ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் கூடுதலாக எழுதுங்கள்: 8-உம் அதற்கு மேலும் கொடுத்தவர்கள் எத்தனை பேர், 3-உம் அதற்குக் கீழும் கொடுத்தவர்கள் எத்தனை பேர். இரண்டும் பெரிதாக இருந்தால் அந்தக் கதையைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு மறுபடி பார்க்க வேண்டியது அதுதான்.

கடைசி நாளில் நேருக்கு நேர் வாக்கு. எட்டுக் கதைகளை இரண்டிரண்டாக மோதவிட்டால் 28 ஜோடிகள், ஜோடிக்கு அரை நிமிடம் வைத்தால் பதினான்கு நிமிடம். பன்னிரண்டு கதைகள் என்றால் 66 ஜோடிகள், அரை மணி தாண்டும், ஆட்கள் தூங்குவார்கள். மார்க்கில் மேலே நின்ற கதை நேருக்கு நேரில் தோற்பது சகஜம். யாருக்கும் வெறுப்பில்லாத கதைக்கு மார்க் சேரும், நேசிக்கப்பட்ட கதைக்கு வாக்கு விழும். இரண்டு வரிசைகளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாக்க வேண்டாம்.

எல்லா எபிசோடும் பார்க்காதவருக்கு அந்தக் கதைக்கு மார்க் கிடையாது. சின்ன வயதில் பார்த்த ஞாபகத்தில் போடுகிறேன் என்பவருக்கும் கிடையாது.

வெளிப் பட்டியல்களைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். 'டாக்டர் ஹூ மேகசின்' நடத்திய 1998 வாக்கெடுப்பில் 'ஜெனசிஸ்' முதலிடம், 2009-இல் 'ஆண்ட்ரோசானி', 2014-இல் 'தி டே ஆஃப் தி டாக்டர்'. கடைசியாகச் சொன்னது 2013 நவம்பரில் வந்த ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதை, வாக்கு நடந்தபோது சூடு ஆறியிருக்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கையைத் தரத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவருபவருக்கும் பதில் தயாராக இருக்கட்டும். 'சிட்டி ஆஃப் டெத்' கடைசி எபிசோடை 1 கோடியே 61 லட்சம் பேர் பார்த்தார்கள், அப்போது போட்டிச் சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தில் முடங்கிக் கிடந்தது. கதை அருமை, ஆனால் அந்த எண் அதற்கான அத்தாட்சி இல்லை.

இரண்டாம் சுற்றுக்குப் புதிதாக ஆறு கதைகள் போதும். மீதி இரண்டு இடத்தில் பழைய பட்டியலின் உச்சியில் நின்றதையும் சிவப்பு வட்டம் விழுந்ததையும் வைத்து, பழைய தாளைக் காட்டாமல் மறுபடி மார்க் வாங்குங்கள். பழைய மார்க்குக்கும் புதியதற்கும் இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், கூட்டத்தின் அளவுகோல் நகர்ந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் இரண்டு சுற்றுப் பட்டியல்களையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், தனித்தனித் தேதி போட்டு வையுங்கள்.