காங்கயத்தை விட்டு மேற்கே வந்த குடும்பம்: 19ஆம் நூற்றாண்டுத் தடத்தைப் பிடிப்பது எப்படி

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டால் பல பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "எங்க பூர்வீகம் காங்கயம் பக்கமுங்க." எந்த ஊர், எந்த வருஷம், முதலில் வந்தது யார் என்று கேட்டால் பேச்சு குலதெய்வக் கோயிலுக்குத் தாவிவிடும். நடுவே நூற்றைம்பது வருஷம் காலியாகக் கிடக்கும்.

அந்தத் தாவல்தான் பெரும்பாலும் முதல் தப்பு. காணியூர் (ஒரு கூட்டத்துக்கு, அதாவது ஒரே குலத்துப் பங்காளிகளுக்கு, பூர்வ உரிமையாக அமைந்த ஊர்) வேறு, பாட்டன் வண்டி கட்டிக் கிளம்பிய ஊர் வேறு. கூட்டத்துக்குக் காணி அமைந்தது பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய சங்கதி. அங்கிருந்து ஒரு கிளை பக்கத்து நாட்டுக்கு (கொங்கின் பழைய உட்பிரிவுக்கு) போயிருக்கும், அதில் ஒரு வகையறா இன்னொரு வலசுக்கு (சிற்றூருக்கு) போயிருக்கும், அதற்கும் பிறகு ஒருவர் மேற்கே வந்திருப்பார். காணிக்கோயில் முதல் படியைச் சொல்லும். உங்களுக்கு வேண்டியது கடைசிப் படி. ஒரே கூட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் காணி உண்டு, ஒரே காணியில் பல கூட்டங்களும் உண்டு. அதனால் காணியூருக்குப் போய் "எங்க கூட்டத்துக்காரங்க யாருங்க இங்க" என்று தொடங்கினால் நூறு பங்காளி கிடைப்பார்கள், உங்கள் பாட்டன் கிடைக்கமாட்டார். இன்றிலிருந்து பின்னோக்கித்தான் நடக்க வேண்டும், அதுவும் நிலத்தைப் பிடித்துக்கொண்டு.

அமெரிக்காவில் மேற்கே போன விவசாயக் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1850 கணக்கெடுப்பிலிருந்து வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் பிறந்த மாநிலமும் தாளில் இருக்கும். மூத்த பிள்ளை ஒஹாயோவில், அடுத்தது இண்டியானாவில், கடைக்குட்டி அயோவாவில் என்று படித்தாலே வண்டித்தடம் தெரிந்துவிடும். நமக்கு 1871 கணக்கெடுப்பில் தலை எண்ணிக்கைதான் உண்டு, ஆள் பெயரைத் தேட வழியில்லை. நம்முடைய ஆதாரம் பத்திரமும் பட்டாவும் பெண் கொண்ட ஊரும்தான்.

வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். கையில் இருக்கும் மூலப்பத்திரம், பாகப்பத்திரம், விடுதலைப் பத்திரம், அடமானக் கடன் தீர்ந்த காகிதம் எதையும் ஒதுக்காதீர்கள். தீர்ந்துபோன அடமானப் பத்திரத்தை வேண்டாத காகிதம் என்று எறிந்துவிடுவார்கள், ஆனால் ஊர் மாறிய புதிதில் கடன் வாங்காத குடியானவன் அபூர்வம், அதில்தான் பழைய ஊர் பெயர் நிற்கும். மடிப்பில் ஒட்டிப்போன காகிதத்தைப் பிரித்து இழுக்க வேண்டாம். பிரிந்த வரைக்கும் வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கம் முக்கியம்: முத்திரைத்தாள் விற்றவர் யாருக்கு, எந்த ஊர்க்காரருக்கு விற்றேன் என்று எழுதியிருப்பார், பதிவு அதிகாரியின் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, குடும்பத்தின் கையில் ரொம்ப நாளாக இருக்கும் ஒரு பூமியைத் தேர்ந்தெடுங்கள். அதன் இன்றைய புல எண்ணை (சர்வே நம்பரை) வைத்துக்கொண்டு அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேட்டு) நகல் வாங்கினால் அதில் பழைய புல எண்ணும் உட்பிரிவும் ஒரு பத்தியில் இருக்கும். 1979க்குப் பிறகு நடந்த யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) திருத்தத்தில் எண்கள் மாறியிருப்பதால் இந்தப் பத்தி இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. பழைய எண்ணைக் கொண்டு மறுசெட்டில்மெண்ட் (மறுபடி நிலவரி நிர்ணயித்த) பதிவேடு, அதைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் எழுதிய முதல் செட்டில்மெண்ட் பதிவேடு என்று இறங்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் இல்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறை, அங்கேயும் இல்லையென்றால் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வாய்மொழியாகக் கேட்டு அலைவதைவிட, கிராமம், பழைய புல எண், பதிவேட்டின் பெயர் மூன்றையும் எழுதி 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு போடுவது நல்லது, 30 நாளில் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். "எங்கள் பூர்வீக நிலம் பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்டால் எதுவும் வராது.

கேட்கும்போது அந்தக் காலத்துத் தாலுகாவைச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயமுத்தூர் ஜில்லாவில் பத்தே தாலுகாக்கள்: கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம், கரூர், ஈரோடு, பவானி, சத்தியமங்கலம், கொள்ளேகால். காங்கயத்து ஊர்களைத் தாராபுரத்தில் தேட வேண்டும். கரூர் 1910இல் திருச்சி ஜில்லாவுக்குப் போனது. கொள்ளேகால் 1956இல் மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஈரோடு மாவட்டம் 1979இலும் திருப்பூர் மாவட்டம் 2009இலும்தான் பிறந்தன, பழைய காகிதத்தில் அந்த மாவட்டப் பெயர்களைத் தேடுவது வீண்.

செட்டில்மெண்ட் பதிவேட்டில் பாட்டன் பெயர் கிடைத்துவிட்டால் ஒன்று உறுதி: அது எழுதிய நாளுக்குள் குடும்பம் வந்துவிட்டது. வந்த வருஷத்தை நெருக்கிப் பிடிக்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1865 ஜனவரியில் தொடங்கியது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்குத்தான் உதவும், அதற்கு முந்தையதைக் கையால் தேட வேண்டும். நிலப் பத்திரங்களைப் பதியும் 1 புத்தகமும் அதன் அகராதிகளும் (அட்டவணைகளும்) யார் மனுப் போட்டாலும் பார்க்கத் திறந்தவை, பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவிலேயே அப்படி இருக்கிறது. அகராதி இரண்டு வகை. ஒன்று ஆள் பெயர்ப்படி, மற்றது சொத்துப்படி. எல்லோரும் சொத்துப்படி தேடச் சொல்வார்கள், குடும்பத் தடத்துக்கு ஆள் பெயர் அகராதிதான் வேண்டும். தேடும் வருஷத்துக்கு இத்தனை என்று கட்டணம் ஆவதால் முதலில் ஐந்தைந்து வருஷமாகப் போடுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் ஆள் தடுமாறுவார்கள். உங்கள் கிராமம் இன்று புது அலுவலகத்தில் இருக்கலாம், பழைய புத்தகம் தாய் அலுவலகத்தில் இருக்கும். இரண்டாவது, அந்தக் காலத்தில் 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சின்னக் காட்டை வாங்கிய பத்திரம் பதிவிலேயே இருக்காது. ஒன்றும் வரவில்லை என்றால் அந்த வருஷம் குடும்பம் அங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கிடைத்த பத்திரத்தின் முதல் நான்கு வரியில்தான் சாறு முழுவதும் இருக்கிறது. மாதிரிக்கு ஒரு வாசகம்:

"ஈசுவர௵ தை௴ ௰௫௳ கோயமுத்தூர் ஜில்லா பொள்ளாச்சி தாலூகா இன்ன கிராமத்திலிருக்கும் செல்லப்ப கவுண்டன் குமாரன் நாச்சிமுத்து கவுண்டனுக்கு ஷை ஜில்லா தாராபுரம் தாலூகா இன்ன கிராமத்திலிருக்கும் பழனி கவுண்டன் குமாரன் ராமசாமி கவுண்டன் எழுதிக் கொடுத்த சுத்தக்கிரய சாசனம்."

௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. "ஷை" என்றால் மேற்படி. ௰ என்பது பத்து, அதனால் ௰௫ பதினைந்து. பழைய எழுத்தில் சுழியம் கிடையாது: ௲௮௱௭௰௬ என்றால் ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு, அதாவது 1876. கணக்கர் கையெழுத்தில் ௧ 'க' மாதிரியும் ௨ 'உ' மாதிரியும் ௭ 'எ' மாதிரியும் ௮ 'அ' மாதிரியும் ௰ 'ய' மாதிரியும் கிடக்கும். புரியாத ஒற்றை எழுத்து வாக்கிய நடுவில் வந்தால் முதலில் அது எண்ணா என்று பாருங்கள்.

ஈசுவர வருஷம் 1877 சித்திரையில் பிறந்தது. ஆனால் தை மாதம் வரும்போது ஆங்கில வருஷம் மாறிவிடும், ஆகவே இந்தப் பத்திரம் 1878 ஜனவரி. தை, மாசி, பங்குனிப் பத்திரங்களில் ஒரு வருஷம் பிசகுவது சகஜம். அதைவிடப் பெரிய பிசகு, அறுபது வருஷச் சக்கரம்: ஈசுவர 1817இலும் உண்டு, 1937இலும் உண்டு. பசலி (வருவாய்க் கணக்கு வருஷம்) எழுதியிருந்தால் அதோடு ஒத்துப் பாருங்கள். பசலி ஜூலையில் தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். பசலி 1287இன் தை மாதமும் 1878 ஜனவரிதான். இரண்டு கணக்கும் ஒத்தால்தான் வருஷத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கியவர் பொள்ளாச்சித் தாலூகாவில் இருக்கிறார், விற்றவர் தாராபுரத்தில் இருக்கிறார் என்றால் நிறுத்தி யோசியுங்கள். இது பெரும்பாலும் அந்நியர்களுக்குள் நடந்த கிரயம் அல்ல. கிழக்கே இருக்கும் பங்காளி தன் பங்கை முன்னே வந்தவருக்கு விட்டுக்கொடுத்ததாக இருக்கலாம், மாமனார் வீட்டுப் பூமியாகவும் இருக்கலாம். விற்றவரின் தகப்பன் பெயரும் ஊரும் உங்கள் அடுத்த தேடலின் தொடக்கம். சாட்சிகளையும், பதிவு அதிகாரி முன் அடையாளம் சொன்னவர்களையும் ஊரோடு எழுதிவையுங்கள். சாட்சிக்கு வருகிறவர் வழிப்போக்கராக இருப்பது அரிது, பங்காளியோ மாமன் மச்சானோதான்.

பாகப்பத்திரத்தில் பங்கு எண்ணிக்கை தலைமுறையையே சொல்லும். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு என்றால் பொதுவாக மூன்று அண்ணன் தம்பிகள். ஆறில் ஒன்று என்றால் மூவரில் ஒருவரின் பங்கை இரண்டு மகன்கள் பிரித்திருக்கலாம், அல்லது இருவரில் ஒருவருக்கு மூன்று மகன்கள் இருந்திருக்கலாம். எது என்று மற்றப் பங்குக்காரர்கள் பெயரைப் பார்த்தால் தெரியும். பெண்மக்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், வாரிசு இல்லாமல் போன அண்ணனும் வரமாட்டார். மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளின் பங்கும் இறைப்பு முறையும் நிலத்தைவிட விவரமாக எழுதப்பட்டிருக்கும், அதை வரி விடாமல் படியுங்கள். வள்ளக் கணக்கில் நிலம் எழுதியிருந்தால் ஏக்கராக மாற்றாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், வள்ளத்தின் அளவு ஊருக்கு ஊர் வேறு.

பெயர்க்குழப்பம் தவறாமல் வரும். மூத்த பேரனுக்கு அப்பாருவின் (அப்பாவைப் பெற்ற தாத்தாவின்) பெயர் என்பது வழக்கம் என்பதால் பழனி மகன் ராமசாமி, ராமசாமி மகன் பழனி என்று ஒன்றுவிட்டு ஒன்று ஓடும். மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் ஆளுக்கொரு பழனி இருப்பான். இவர்களைப் பிரிக்கக் கூட்டப் பெயர் உதவாது, எல்லோரும் ஒரே கூட்டம். வீட்டுக்காரியின் கூட்டமும் பிறந்த ஊரும்தான் பிரிக்கும். குறிப்பு நோட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், தகப்பன், ஊர், தோட்டத்துப் பெயர், பெண் கொண்ட ஊர், பெண்ணின் கூட்டம் என்று ஆறு கட்டம் போடுங்கள். தோட்டத்துப் பெயரைக் கிழவிகளிடம் கேளுங்கள். ஆம்பளைகள் புல எண் சொல்வார்கள், ஆத்தா "மேக்காலத் தோட்டத்துச் சாளை" என்று ஆளோடு சேர்த்துச் சொல்லும் (சாளை என்றால் தோட்டத்து வீடு).

பெண் கொண்ட ஊர்களை மூத்த மகனிலிருந்து வரிசையாக எழுதிப் பாருங்கள். மூத்தவருக்கு முத்தூர், வெள்ளகோவில் பக்கம் சம்பந்தம், கடைசித் தம்பிக்கு ஆனைமலைப் பக்கம் சம்பந்தம் என்றால் ஊர் மாறியது இரண்டு கல்யாணத்துக்கும் நடுவில் என்று கொள்ளலாம். கூட்டம் இன்னொரு சோதனைக்கும் உதவும். ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. நீங்கள் பங்காளி என்று நினைக்கும் குடும்பத்தோடு பழைய கல்யாணம் ஒன்று தெரியவந்தால், அந்த உறவுக்கோட்டை அழித்துவிடுங்கள், எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி.

கோயிலுக்கு இப்போது போகலாம். காணிக்கோயிலுக்குப் போகும் முன், புது ஊரில் பிடிமண் கொண்டுவந்து கட்டிய கோயில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கோயில் மண் என்பதைப் பூசாரி வழிவழியாகச் சொல்வார், பெரும்பாலும் அது கிளம்பிய ஊருக்கு ஒட்டிய கோயிலாக இருக்கும். கிழக்கே பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டுகளில் வெளியூர்ப் பங்காளிகளை ஊர்வாரியாகத் தனியே எழுதுவது உண்டு. பழைய நோட்டு பரண்மேல் கிடக்கும், புதுசு எழுதியதும் கரையானுக்குப் போய்விடும், சீக்கிரம் கேளுங்கள். செப்பேடு, ஓலை எதையாவது காட்டினால் படம் எடுத்துத் தெரிந்தவரிடம் படிக்கக் கொடுங்கள், ஆனால் அதிலிருந்து நேராக உங்கள் முப்பாட்டனுக்குக் கோடு போட வேண்டாம்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிய குடும்பம் என்றால் வேறு பதிவறைகள். பாலக்காடு அன்று மலபார் ஜில்லா, பிரிட்டிஷ் ஆட்சி. சித்தூர் கொச்சி ராஜ்யம். மலபார்க் காகிதங்களுக்குக் கோழிக்கோட்டு ஆவணக் காப்பகம், கொச்சிக் காகிதங்களுக்கு எர்ணாகுளம். இன்றைய தாலுகா எல்லையை நம்பி எது எதில் என்று முடிவு செய்யாதீர்கள், பத்திரத்தின் முத்திரையே சொல்லும். அங்கே பத்திரத்துக்கு ஆதாரம் என்று பேர், நிலவரிக் கணக்கில் தண்டப்பேர் எண் கேட்பார்கள், எழுத்து மலையாளம், வருஷம் கொல்லம் ஆண்டு. சிங்ஙம் (நம் ஆவணி) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) வரை 825 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். கொல்லம் 1053 மகரமும் மேலே சொன்ன 1878 தையும் ஒன்று.

"தாது வருஷப் பஞ்சத்துல வந்தோமுங்க" என்று சொல்லாத குடும்பம் குறைவு. 1876 முதல் 1878 வரை பஞ்சம் கடுமையானதுதான், பலர் கிளம்பியதும் நிஜம்தான். ஆனால் பெரிய பஞ்சம் பக்கத்திலிருக்கும் எல்லாச் சம்பவத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். 1870இல் மேற்கே கிரயம் வாங்கியிருந்தால் பஞ்சம் காரணமல்ல, பாகப்பிரிவினையோ வற்றிய கிணறோ மாமனார் வீட்டு அழைப்போ காரணமாக இருக்கலாம். பஞ்சத்தில் கிளம்பியவர்கள் உடனே நிலம் வாங்கியிருக்கவும் வாய்ப்பில்லை. பண்ணையத்துக்கோ வாரத்துக்கோ இருந்து, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து முதல் காட்டை வாங்குவார்கள். ஆகவே முதல் கிரயத்தின் வருஷத்தை வந்த வருஷம் என்று எழுதாமல், "இதற்கு முன்" என்று எழுதுங்கள்.

கிளம்பிய ஊர் இதுதான் என்று இரண்டு காகிதமாவது சொன்ன பிறகு நேரில் போங்கள். வேலைநாளில் போனால் தோட்டத்துச் சாளைகளில் ஆள் இருக்காது, ஊர்ப் பொங்கல் சமயத்தில் வெளியூர்ப் பங்காளிகளும் வந்திருப்பார்கள். கையில் பரம்பரைப் படம் வேண்டாம், அதைக் காட்டினால் எல்லோரும் ஆமாம் போடுவார்கள். சாட்சிகளின் பெயர்ப் பட்டியலையும் பழைய புல எண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு, "இந்தக் காடு இப்ப யாருதுங்க?" என்று கேளுங்கள்.