ஒரே குடும்பத்து பவர் சிப்களை டிவைஸ் ட்ரீயில் எழுதுவது எப்படி

போர்டில் புது பவர் மேனேஜ்மென்ட் சிப் வந்திருக்கிறது, டேட்டாஷீட்டைப் பார்த்தால் பழையதைப் போலவே இருக்கிறது, அதனால் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸ் கர்னலுக்குச் சொல்லும் விவரம்) சிப்பை அடையாளம் காட்டும் கம்பேட்டிபிள் வரியில் பழைய சிப்பின் பெயரையே போட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். இன்றைக்கு எல்லாம் ஓடும், ஆனால் நாளைக்குப் புது சிப்பில் மட்டும் ஒரு கோளாறு தெரியவந்தால், எந்த போர்டில் எது இருக்கிறது என்று கர்னலுக்குத் தெரிய வழியே இருக்காது.

கம்பேட்டிபிள் என்பது ஒரு பட்டியல். முதலில் சிப்பின் சொந்தப் பெயர், அடுத்து அது எதோடு ஒத்துப்போகிறதோ அந்தப் பழைய சிப்பின் பெயர். எக்ஸ்-பவர்ஸ் குடும்பத்தைப் பாருங்கள்: ஏஎக்ஸ்பி305-க்கு 305, 805, 806 என்று மூன்று பெயரும் வரிசையாக வரும். இந்த மூன்றில் லினக்ஸ் டிரைவரின் பட்டியலில் இருப்பது 806 மட்டும்தான், அதைப் பிடித்துக்கொண்டே 305-உம் ஓடிவிடும்.

ஆனால் பின்னால் ஒரு பெயரைச் சேர்ப்பது லேசான விஷயம் இல்லை. பழைய சிப்பை மட்டுமே அறிந்த டிரைவர் புது சிப்பையும் பத்திரமாக இயக்கும், சில வசதிகள் கிடைக்காமல் போகலாம், தப்பாக மட்டும் எதுவும் நடக்காது என்று நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள். ரெஜிஸ்டர் முகவரிகள் எல்லாம் ஒன்றாக இருந்து, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஒரே ஒரு பக் கன்வெர்ட்டரின் வோல்டேஜ் படி மட்டும் 10 மில்லிவோல்ட்டுக்குப் பதில் 20 ஆக இருந்தால்கூட, அதே எண்ணை எழுதும் டிரைவர் பிராசஸருக்கு வேறு வோல்டேஜைக் கொடுத்துவிடும். அங்கே பழைய பெயர் வரவே கூடாது, தனிப் பெயரும் டிரைவரில் தனி அட்டவணையும்தான் சரி. 80எக்ஸ் மாதிரி மொத்தமாக ஒரு பெயரும் வேண்டாம்; அடுத்து வரும் சிப் அதற்குள் அடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சிப் ஒன்றுதான், வயரிங்தான் வேறு என்றால் பெயரைத் தொடாதீர்கள். 806 மாஸ்டராக இணைக்கப்பட்டிருந்தால் அதைச் சொல்ல மாஸ்டர்-மோட் என்ற தனி ப்ராப்பர்ட்டியே இருக்கிறது.

அப்புறம் ரெகுலேட்டர்கள், அதாவது சிப்புக்குள் ஒவ்வொரு வோல்டேஜையும் கொடுக்கும் பகுதிகள். குடும்பத்துக்குப் பொதுவான நோட்களை பல போர்டு ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் ஒரு டிடிஎஸ்ஐ ஃபைலில் வைத்து, வோல்டேஜ் எல்லைகளை அந்தந்த போர்டு ஃபைலில் எழுதுங்கள். மின்-மைக்ரோவோல்ட், மேக்ஸ்-மைக்ரோவோல்ட் இரண்டும் அந்த ரெயிலில் (ஒரு வோல்டேஜ் போகும் மின்தடம்) தொங்கும் பாகங்கள் தாங்கும் அளவு, சிப்பால் கொடுக்க முடிந்த அளவு அல்ல. 1.8 வோல்ட் மெமரி ரெயிலுக்கு 3.3 வரை அனுமதி எழுதி வைத்தால் கர்னல் தடுக்காது.

டிவைஸ் ட்ரீயில் எதை எப்படி எழுதலாம் என்ற விதிகள் உள்ள பைண்டிங் ஸ்கீமாவில் தனித்து நிற்கும் சிப்களை ஈனம் (enum) பட்டியலிலும், பின்பெயர் உள்ளவற்றை ஐட்டம்ஸ் (items) வரிசையிலும் போட்டு, இரண்டையும் ஒன்ஆஃப் (oneOf) கீழே சேருங்கள். மேக் டிடி_பைண்டிங்_செக் ஓட்டுங்கள். எச்சரிக்கை ஒன்றும் வராவிட்டாலும் போர்டை பூட் செய்து, கர்னலின் உள்விவரங்களைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள ரெகுலேட்டர்_சம்மரியைத் திறந்து, அதில் காட்டும் வோல்டேஜும் மல்டிமீட்டரில் வருவதும் ஒன்றா என்று ஒவ்வொரு ரெயிலாகப் பாருங்கள். வோல்டேஜ் படி தப்பாக இருந்தால் ஸ்கீமாவுக்கு அது தெரியாது, மீட்டரில்தான் தெரியும்.