வலிப்புக்கு மூலிகை தேடும்போது சறுக்கும் இடங்கள்

பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1962 வாக்கில் பியேர் எமார் என்ற இளம் ஆய்வாளர் கெல்லின் என்ற பொருளிலிருந்து புதுச் சேர்மங்களைச் செய்துகொண்டிருந்தார். எகிப்தில் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுத்துவந்த ஒரு செடியில் இருப்பது கெல்லின். அவர் செய்தவை தண்ணீரில் கரைய மறுத்ததால் கைக்கு எட்டிய வால்ப்ரோயிக் அமிலத்தில் கரைத்தார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் வலிப்பு நிற்கிறது. சம்பந்தமில்லாத வேறொரு பொருளை அதே அமிலத்தில் கரைத்துக் கொடுத்தாலும் நிற்கிறது. கடைசியில் அமிலத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் நின்றது. இன்று உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் கிடைத்த கதை இது.

கரைப்பானைச் சந்தேகப்பட்டதால் அவர்களுக்கு ஒரு மருந்து கிடைத்தது. சந்தேகப்படாமல் விட்டால், மூலிகையைச் சோதிக்கும் நமக்குக் கிடைப்பது பொய்யான முடிவு. இலையை எத்தனாலில் ஊறவைத்து, அரைகுறையாகக் காயவைத்து, அதைக் கொடுத்த சுண்டெலிகளை வெறும் உப்புநீர் கொடுத்தவற்றோடு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எத்தனாலே வலிப்பை அடக்கும். எந்தக் கரைப்பானில் கரைத்தீர்களோ, அதே கரைப்பானை அதே அளவில் மட்டும் பெற்ற சுண்டெலிக் கூட்டம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது மயக்கம். மருந்து கொடுத்து அரைமணி நேரத்தில் சுண்டெலி கூண்டு மூலையில் சுருண்டு கிடக்கிறது, வலிப்பும் வரவில்லை. மகிழ்ச்சியாகக் குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் அதைச் சுழலும் உருளையின் மேல் ஏற்றிப் பாருங்கள். ரோட்டாராட் என்பார்கள். நல்ல சுண்டெலி கால் மாற்றி மாற்றி நடந்து சமாளிக்கும். உங்கள் சுண்டெலி சில நொடிகளில் பொத்தென்று விழுந்தால், நீங்கள் கண்டுபிடித்தது தூக்க மருந்தாக இருக்கலாம். வலிப்பு நின்ற அதே டோஸில், அதே நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்தால்தான் அர்த்தம் உண்டு.

ஒரே சோதனையை நம்புவதும் ஆபத்து. சுண்டெலிக்கு வலிப்பை வரவழைக்க மின்னதிர்ச்சி கொடுப்பது ஒன்று, வலிப்பைத் தூண்டும் பென்டிலீன்டெட்ரசோல் என்ற வேதிப்பொருளை ஊசியாகப் போடுவது இன்னொன்று. இந்த இரண்டும்தான் பழகிய வழிகள். ஆனால் இன்று நரம்பியல் மருத்துவர்கள் நிறைய எழுதிக்கொடுக்கும் லெவிடிராசிட்டம் வழக்கமான இந்த இரண்டு சோதனையிலும் தேறாத மருந்து. வேறு முறைகளில் பார்த்ததால்தான் அது பிழைத்தது. உங்கள் செடியை ஒரே சோதனையில் தள்ளிவிடவும் வேண்டாம், தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம்.

டோஸ் கணக்கும் போட்டுப் பாருங்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட் (இலையிலிருந்து பிரித்த சாரம்) என்றால், மனிதருக்கு மாற்ற ஏறக்குறைய 12-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு 2.5 கிராம் வரும். 10 கிராம் காய்ந்த இலையில் 1 கிராம் எக்ஸ்ட்ராக்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளைக்கு 25 கிராம் காய்ந்த இலை. இதை யார் சாப்பிடுவார்கள்?

சரி, செடிக்கே வருவோம். நாட்டு மருந்துக் கடையில் 'சங்கபுஷ்பி' என்று கேட்டு வாங்கிய பொட்டலத்தில் என்ன செடி இருக்கிறது? வட இந்தியாவில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு கன்வால்வுலஸ் செடிக்கு. கேரளத்தில் நம் வேலியோரச் சங்குப்பூவுக்கு. விஷ்ணுகிராந்தியையும் அதே பெயரில் சொல்வதுண்டு. பிரம்மியிலும் இதே குழப்பம்தான். சிலருக்கு அது நீர்ப்பிரம்மி, சிலருக்கு வல்லாரை. இலை, பூ, வேரோடு பறித்து, அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் அடையாளம் உறுதிசெய்து, மாதிரியை எண் போட்டு வைக்காமல் செய்த ஆய்வை அடுத்தவர் திரும்பச் செய்துபார்க்கவே முடியாது.

நோயின் பெயரும் அப்படித்தான். பாட்டி ஒருவர் 'இந்த இலை வலிப்புக்கு' என்றால், எந்த வலிப்பு என்று கேளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சலில் வரும் வலிப்பைச் சொல்கிறாரா? அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும், இலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். பழைய ஏடுகளில் முயலகன் (கால்-கை வலிப்பு) என்று வருவதும் இசிவு (தசை இழுப்பு) என்று வருவதும் ஒன்றல்ல.

மூலிகை என்றால் மூளைக்கு இதம் என்று எண்ணிவிடக் கூடாது. காக்காய்க்கொல்லி விதையில் இருக்கும் பிக்ரோடாக்ஸின், ஆய்வகத்தில் வலிப்பை வரவழைக்கவே பயன்படுகிறது. கற்பூரமும் வலிப்பைத் தூண்டும். 1934-ல் புடாபெஸ்டில் மெடூனா என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவைக்கக் கற்பூரத்தைத்தான் முதலில் ஊசியில் ஏற்றினார். பிறகு அவர் மாறியது மேலே சொன்ன பென்டிலீன்டெட்ரசோலுக்கு. அதனால் வாசனை எண்ணெய் உள்ள செடியை எடுத்தால், எண்ணெயைப் பிரித்துத் தனியாகவும் சோதிக்க வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது கடைசித் தவறுதான். ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரையைச் சாப்பிட்டு நன்றாக இருந்த இரண்டு நோயாளிகளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. அவர்கள் சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேத மருந்தையும் கூடவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மும்பை ஆய்வாளர்கள் இதை எலிகளில் சோதித்து 1992-ல் வெளியிட்டார்கள். அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது அது வலிப்பைக் குறைத்தது. ஃபெனிட்டாயினோடு ஒரே ஒரு வேளை கொடுத்தபோது மாத்திரையின் வேலையைக் கெடுத்தது. சில நாள் தொடர்ந்து கொடுத்தபோது இரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவும் இறங்கிவிட்டது.

மூலிகையை மட்டும் சோதித்திருந்தால் 'நல்ல மருந்து' என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் நாளை அதைச் சாப்பிடப்போகிறவர் ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர். ஆகவே ஆய்வுத் திட்டத்தில் மூலிகையும் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கும் ஒரு கூட்டத்தையும், இரத்தத்தில் மாத்திரை அளவைப் பார்க்கும் சோதனையையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். அப்புறம், உங்கள் முடிவைக் கேள்விப்பட்டு யாராவது போன் செய்து 'மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா' என்று கேட்டால், நிறுத்தக் கூடாது என்று அங்கேயே, தெளிவாகச் சொல்லுங்கள். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.