விஎம்கள் ஓட ஓட ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்களுக்குப் பேட்ச் போடும் முறை

2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் ஆயிரக்கணக்கான இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை முடக்கியது. விஎம்களை, அதாவது ஒரு சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை, இயக்கும் விஎம்வேர் மென்பொருள்தான் இஎஸ்எக்ஸ்ஐ. அது நுழைந்ததாகக் கருதப்படும் ஓட்டைக்கு விஎம்வேர் 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் கொடுத்திருந்தது. பேட்ச் போடாமல் தள்ளிப்போட வைப்பது பல நேரம் ஒரு பயம்தான்: ஹோஸ்டை (விஎம்களைத் தாங்கும் உண்மையான சர்வரை) ரீபூட் செய்தால் மேலே ஓடும் விஎம்கள் என்ன ஆகுமோ என்று. கிளஸ்டர் (ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பல ஹோஸ்ட்கள்) இருந்தால் அந்தப் பயம் தேவையில்லை, வரிசை தவறாமல் செய்தால் போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று நோட் (கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு ஹோஸ்டும் ஒரு நோட்) உள்ள ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 8 கிளஸ்டர். ப்ராக்ஸ்மாக்ஸும் இஎஸ்எக்ஸ்ஐ போல விஎம்களை ஓட்டும் மென்பொருள்தான், டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது. 8-க்குள் வரும் வழக்கமான அப்டேட்கள் மட்டுமே பேச்சு. 8-லிருந்து 9-க்குப் போவது டெபியன் 12-லிருந்து 13-க்குப் போவது. அதை இதோடு சேர்த்துச் செய்யாதீர்கள். பயாஸ், ரெய்டு கார்டு ஃபர்ம்வேர் வேலைகளையும் வேறொரு நாளுக்கு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால், காலையில் வரும் கோளாறு எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

ரேம் கணக்கு

ஒரு நோட் வெளியே போனால் மீதி இரண்டும் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். ஒவ்வொரு நோட்டிலும் 128 ஜிபி ரேம் என்று வையுங்கள். ஹோஸ்டுக்கும் இசட்எஃப்எஸ் (டிஸ்க் ஃபைல்சிஸ்டம்) கேஷுக்கும் 16 ஜிபி ஒதுக்கினால் விஎம்களுக்கு 112. இரண்டு நோட்டுக்கு 224. ஆக, மூன்று நோட்டிலும் ஓடும் விஎம்களின் ரேம் கூட்டுத்தொகை 224 ஜிபி-யைத் தாண்டக்கூடாது. சராசரியாக நோட்டுக்கு 74 ஜிபி. இசட்எஃப்எஸ் கேஷ் பழைய இன்ஸ்டாலேஷன்களில் பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். 64 ஜிபி-யை அது பிடித்திருக்கும் நேரத்தில் இரண்டு பெரிய விஎம்கள் வந்து இறங்கினால், கெர்னல் ஏதோ ஒரு விஎம்மைக் கொன்று இடம் பண்ணும்.

நகராத விஎம்கள்

முந்தைய நாளே ஒவ்வொரு விஎம்மின் ஹார்டுவேர் பக்கத்தையும் பாருங்கள். சிடி டிரைவில் யாரோ மாட்டிவிட்டுப் போன லோக்கல் ஐஎஸ்ஓ இருந்தால் மைக்ரேஷன் (விஎம்மை வேறு நோட்டுக்கு நகர்த்துவது) அங்கேயே நிற்கும், கழற்றிவிட்டால் சரி. பிசிஐ பாஸ்த்ரூவில் (ஹோஸ்டின் கார்டை நேரடியாக விஎம்முக்கே விடுவது) ஜிபியு கொடுத்த விஎம் லைவாக, அதாவது ஓடிக்கொண்டே, நகராது, நிறுத்தித்தான் ஆக வேண்டும். எல்எக்ஸ்சி கன்டெய்னர்களும் (ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்து ஓடுபவை) அப்படியே: நகர்த்தும்போது நின்று, மறுபக்கம் புதிதாகக் கிளம்பும். சிபியு டைப் 'ஹோஸ்ட்' என்று வைத்திருந்து நோட்களில் வேறு வேறு தலைமுறை பிராசஸர்கள் இருந்தால், நகர்ந்த பிறகு விஎம் உறையலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயனாளர்களிடம் நேரம் வாங்கி வையுங்கள்.

பேக்கப் ஓடி முடிந்ததா என்றும் பாருங்கள். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும் விஎம் பூட்டப்பட்டிருக்கும், நகராது. ராத்திரி பேக்கப் ஷெட்யூலும் பேட்ச் நேரமும் மோதுவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

கோரம்

ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு ஓட்டு, பாதிக்கு மேல் ஓட்டு சேர்ந்தால் அதுதான் கோரம். மூன்று நோட்டில் இரண்டு ஓட்டு இருந்தால் கிளஸ்டர் உயிரோடு இருக்கும். ஒரே ஓட்டு மிஞ்சினால் கிளஸ்டரின் கன்ஃபிக் ஃபோல்டர் வாசிக்க மட்டும் என்று மாறிவிடும். ஓடும் விஎம் ஓடும், ஆனால் நின்றதைக் கிளப்ப முடியாது. ஹெச்ஏ (நோட் விழுந்தால் விஎம்மை வேறு நோட்டில் தானாகக் கிளப்பும் வசதி) போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: கோரம் இழந்த நோட், வாட்ச்டாக் கணக்குப்படி 60 வினாடியில் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து மூன்று டெர்மினலில் மூன்று நோட்டுக்கும் ஒரே சமயம் அப்கிரேட் கொடுத்தால் கோரோசிங்க் (நோட்கள் ஒன்றோடொன்று பேச உதவும் சேவை) எல்லா இடத்திலும் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகி, மூன்று ஹோஸ்டும் சேர்ந்து விழ வாய்ப்பு உண்டு. ஒரு நேரத்தில் ஒரே நோட்.

இரண்டு நோட் மட்டும் வைத்திருப்பவர்கள் மூன்றாவது ஓட்டுக்கு ஒரு க்யூடிவைஸ் அமைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சின்ன டெபியன் மெஷின் போதும்.

ரெப்போ

சந்தா இல்லாமல் என்டர்பிரைஸ் ரெப்போவை (அப்டேட்கள் வந்து இறங்கும் இடம்) விட்டு வைத்திருந்தால் அப்டேட்டில் 401 பிழை வரும். அதை முடக்கி நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்போவைச் சேர்க்கவும். செஃப் (நோட்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் மென்பொருள்) பயன்படுத்தினால் அதற்கு ரெப்போ தனி, அதையும் பாருங்கள். மூன்று நோட்டிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும். ரூட் டிஸ்கில் குறைந்தது 5 ஜிபி காலியாக இருக்கட்டும். பழைய இன்ஸ்டாலேஷன்களில் பூட் பார்ட்டிஷன் 512 எம்பி-தான். கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பியிருந்தால் புதிய கெர்னல் பாதியில் நிற்கும். பழையவற்றை நீக்குங்கள், ஆனால் இப்போது ஓடுவதையும் அதற்கு முந்தையதையும் தொடாதீர்கள்.

காலி செய்தல்

குறைந்த முக்கியத்துவம் உள்ள நோட்டில் தொடங்குங்கள். ஹெச்ஏ-வில் இருக்கும் விஎம்களுக்கு, ஹெச்ஏ-மேனேஜர் கட்டளையில் நோட்-மெயின்டனன்ஸ் நிலையை எனேபிள் செய்தால் அவை தாமாக நகரும். ரீபூட்டுக்குப் பிறகும் அந்த நிலை நீடிக்கும், நீங்கள்தான் டிசேபிள் செய்ய வேண்டும். ஹெச்ஏ-வில் இல்லாத விஎம்களை அது கண்டுகொள்ளாது. அவற்றை வெப் பக்கத்தில் பல்க் மைக்ரேட் கொடுத்து நகர்த்தவும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மைக்ரேஷனுக்குத் தனி நெட்வொர்க் குறிப்பிடாவிட்டால் அது கிளஸ்டர் நெட்வொர்க்கிலேயே போகும். கோரோசிங்கும் அதே கம்பியில்தான் பேசிக்கொண்டிருக்கும். கோரோசிங்குக்கு 5 மில்லிவினாடிக்குள் பதில் வர வேண்டும். ஒரு ஜிகாபிட் கார்டில் நான்கு விஎம்கள் ஒன்றாகப் பாய்ந்தால் அந்தப் பதில் தாமதமாகி, நோட் செத்துவிட்டதாக மற்றவை முடிவு கட்டும். டேட்டாசென்டர் ஆப்ஷன்ஸில் மைக்ரேஷன் நெட்வொர்க்கைப் பிரித்து வையுங்கள். கார்டு இல்லையென்றால் பேண்ட்வித் வரம்பு போட்டு, ஒரு நேரத்தில் ஒரு விஎம் என்று அனுப்புங்கள். ஜிகாபிட்டில் 32 ஜிபி ரேம் விஎம் ஒன்று நகரச் சுமார் 5 நிமிடம் ஆகும். எழுதிக்கொண்டே இருக்கும் டேட்டாபேஸ் என்றால் மெமரி மாறிக்கொண்டே இருப்பதால் இன்னும் இழுக்கும். அதை ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துக்கு வையுங்கள்.

செஃப் இருந்தால் இப்போது நோஅவுட் கொடியை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கீழே போன டிஸ்க்குகளை 600 வினாடிக்குப் பிறகு செஃப் வெளியேற்றி, டேட்டாவை வேறிடத்துக்கு நகர்த்தத் தொடங்கும். ரேம் அதிகமுள்ள சர்வர்கள் சில பூட் ஆகவே அந்தப் பத்து நிமிடத்தை விழுங்கிவிடும்.

அப்கிரேடும் ரீபூட்டும்

எஸ்எஸ்ஹெச்-இல் நுழைந்து டிமக்ஸ் திறந்து அதற்குள் செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும். முதலில் ஏபிடி அப்டேட். பிறகு டிஸ்ட்-அப்கிரேட். வெறும் அப்கிரேட் கொடுத்தால், ஏதாவது பேக்கேஜை நீக்க வேண்டியிருக்கும் இடங்களைத் தள்ளி வைத்துவிடும், நோட் அரைகுறையாக நிற்கும். பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்த வேண்டாம். 'ப்ராக்ஸ்மாக்ஸ்-விஇ' என்ற பேக்கேஜையே நீக்கப்போவதாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ரெப்போவில் டெபியன் பதிப்புகள் கலந்திருக்கின்றன, அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் ரெப்போ விடுபட்டிருக்கிறது. கன்ஃபிக் ஃபைலை மாற்றட்டுமா என்று கேட்டால் டி அழுத்தி வித்தியாசத்தைப் பாருங்கள். நீங்கள் கைவைத்த ஃபைல் என்றால் பழையதையே வைத்துக்கொள்ளவும்.

ரீபூட் கொடுக்கும் முன் ஐடிராக், ஐஎல்ஓ போன்ற ரிமோட் கன்சோலில் நுழைந்து திரை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்துபோனது நோட் கீழே போன பிறகுதான் தெரியவரும்.

கன்சோல் தேவைப்படுவதற்கு முக்கியக் காரணம் நெட்வொர்க் கார்டின் பெயர். புதிய கெர்னலில் சில டிரைவர்கள் பெயரை மாற்றிவிடும்: இஎன்பி65எஸ்0எஃப்0 என்று இருந்ததன் வாலில் என்பி0 ஒட்டிக்கொள்ளும். இன்டர்ஃபேசஸ் ஃபைலில், விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் விஎம்பிஆர்0 பிரிட்ஜ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருப்பதால் ஹோஸ்ட் நெட்வொர்க்கே இல்லாமல் எழும். கன்சோலில் போய் புதிய பெயரை எழுதி நெட்வொர்க்கை ரீலோட் செய்தால் உயிர் வரும். நிரந்தரத் தீர்வு, மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலைநிறுத்தும் சிஸ்டம்டி லிங்க் ஃபைல். கெர்னலே சரியாக எழவில்லை என்றால் பூட் மெனுவில் முந்தையதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் கொண்டு அந்தக் கெர்னலிலேயே எழும்படி நிலைநிறுத்தி வையுங்கள்.

எழுந்ததும் பார்க்க வேண்டியவை: புதிய கெர்னல் ஓடுகிறதா, மூன்று ஓட்டும் இருக்கிறதா, எல்லா ஸ்டோரேஜும் ஆக்டிவா, கடிகாரம் சரியா. செஃப் என்றால் நோஅவுட் எச்சரிக்கையைத் தவிர வேறு எதுவும் மிஞ்சக்கூடாது. வழக்கமான மூன்று பிரதி, குறைந்தபட்சம் இரண்டு என்ற அமைப்பில், ஒரு நோட் கீழே இருக்கும்போது இன்னொன்றும் போனால் டேட்டாவைப் படிப்பதும் எழுதுவதும் நின்றுவிடும். ரெக்கவரி முடியும்வரை அடுத்த நோட்டைத் தொடாதீர்கள்.

மீதி நோட்கள்

மெயின்டனன்ஸ் நிலையை எடுத்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு விஎம்மை முதலில் திருப்பி அனுப்பிப் பாருங்கள். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு லைவ் மைக்ரேஷன் ஓடும். புதியதிலிருந்து பழையதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் அடுத்த நோட்டைக் காலி செய்யும்போது, முடிந்தவரை பேட்ச் போட்ட நோட்டுக்கே அனுப்புங்கள். அதில் ரேம் இடம் போதாமல்போவதுதான் சிக்கல். முதலில் போட்ட கணக்கு உதவுவது இப்போதுதான்.

மூன்றும் முடிந்ததும் நோஅவுட்டை இறக்குங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. க்யூஇஎம்யு (ஒவ்வொரு விஎம்மையும் உண்மையில் ஓட்டும் மென்பொருள்) பேக்கேஜ் புதுசானாலும், ஏற்கெனவே ஓடும் விஎம் பழைய பைனரியிலேயே ஓடும். 2015-இல் வந்த வெனம் ஓட்டை க்யூஇஎம்யு-வின் ஃப்ளாப்பி கண்ட்ரோலரில் இருந்தது, விஎம்முக்குள்ளிருந்து ஹோஸ்டுக்குத் தாவ வழி கொடுத்தது. அப்படிப்பட்ட பேட்ச், டிஸ்கில் மட்டும் இருந்து பயனில்லை. பேட்ச் போட்ட நோட்டுக்கு லைவாக நகர்ந்த விஎம்கள் புதிய பைனரியில் ஏறிவிடும். நகராமல் இருந்தவற்றை நிறுத்திக் கிளப்ப வேண்டும். விஎம்முக்குள் போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் க்யூஇஎம்யு பிராசஸ் மாறாது, ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்திலிருந்து ரீபூட் கொடுங்கள். க்யூஎம் ஸ்டேட்டஸ் கட்டளையை வெர்போஸாகக் கேட்டால், எந்த விஎம் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று காட்டும்.