மணல்மேடுகளைக் கொண்டு பழைய கடற்கரையைக் கண்டறியும் முறை

வேதாரண்யம் பகுதியின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிட்ட மணல்மேடுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட தாழ்வுகளும் தெரியும். ஊர்களும் தோப்புகளும் பெரும்பாலும் மேடுகளையே பற்றியிருப்பதால் அவற்றை அடையாளம் காண்பது கடினமன்று. ஒவ்வொரு மேடும் ஒரு காலத்துக் கடல்விளிம்பாக இருந்திருக்கலாம். ஆனால் காற்று குவித்த மணலும் மேடாகவே தெரியும் என்பதால், தோண்டிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

கடலோரத்திலிருந்து உள்நிலம் நோக்கி, மேடுகளைக் குறுக்கே வெட்டும் நேர்கோடு ஒன்றை வகுத்து, அதன் வழியே நில உயரத்தை அளந்துகொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் குழி வெட்டிச் சுவரைச் சீராகச் சீவுங்கள். அலை ஏறி இறங்கிய இடத்தில் படிந்த மணல், மெல்லிய அடுக்குகளாகக் கடல் பக்கம் சற்றே சரிந்திருக்கும். காற்று கொணர்ந்த மணலின் அடுக்குகளோ அதிகச் சாய்வோடு சரிந்து ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கும். முன்னது கீழும் பின்னது மேலுமாக இருந்தால், இரண்டும் சந்திக்கும் மட்டம் அன்றைய அலை எட்டிய உயரத்தை ஏறக்குறையக் காட்டும். இடையே கருமணல் பட்டை தென்பட்டால் அதைத் தனியே வரைந்துகொள்ளுங்கள்: புயலலை கரையை அரித்து இலேசான குவார்ட்ஸ் மணலை வாரிச் சென்றபோது, கனமான இல்மனைட், கார்னெட் ஆகிய கனிமங்கள் பின்தங்கிய தடமாக அது இருக்கக்கூடும்.

சிப்பிகளை எளிதில் நம்ப வேண்டாம். தேய்ந்த ஓடு பழைய படிவிலிருந்து அடித்து வரப்பட்டிருக்கலாம். மனிதர் தின்று எறிந்ததாகவும் இருக்கலாம். இரு ஓடுகளும் பிரியாமல் புதைந்த சிப்பியே, கதிரியக்கக் கரிமத்தின் எச்சத்தை அளந்து வயதறியும் கரிமம்-14 கணிப்புக்கு ஏற்றது. அதிலும், கடல்நீரில் கலந்துள்ள பழைய கரிமம் வயதைக் கூட்டிக் காட்டும் என்பதால், அதற்கான திருத்தம் தேவை. மணலையே காலங்கணிப்பதானால், ஒளிபுகாக் குழாயைக் குழிச்சுவரில் அடித்து, வெளிச்சம் படாமல் எடுங்கள். மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வுச் சோதனை தரும்.

மேடுகளின் வயது கடலை நோக்கிக் குறைந்துவந்தால், கரை முன்னேறியது உறுதி. கடல்மட்டம் தாழ்ந்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. மணல் வரத்து மிகுந்தாலும் கரை முன்னேறும். மட்டத்தை அறிய இராமேசுவரம் தீவின் பவளப்பாறை போன்ற வேறு சான்று வேண்டும்: இடம்பெயராமல், வளர்ந்த இடத்திலேயே இறந்த பவளம் இன்றைய அலைமட்டத்துக்கு மேலே நின்றால், கடல் தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது நிலம் உயர்ந்திருக்க வேண்டும்.