ஒன்ராறியோ கிராமப்புறத்தில் முதல் குளிர்காலம்: பனியை எங்கே தள்ளுவது, எங்கே தொடாமல் விடுவது

ஓவன் சவுண்ட், பேரி, கிரேவன்ஹர்ஸ்ட் பக்கங்களில் வளவோடு வீடு எடுத்து வருகிறவர்கள் முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும்: இங்கே கொட்டுகிற ஸ்னோ ரொறன்ரோவில் கொட்டுகிற மாதிரி இல்லை. டிசம்பரில் ஹியூரோன் ஏரியும் ஜோர்ஜியன் விரிகுடாவும் இன்னும் உறைந்திருக்காது. வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்தத் தண்ணீரின் மேலாக வரும்போது சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு கரையேறி, ஒடுங்கிய பட்டைகளாகக் கொட்டும். ஒரு பட்டை உங்கள் வளவுக்கு மேல் நின்றுவிட்டால், அடுத்த ஊரில் வெயில் எறிக்கும்போதே உங்கள் முற்றத்தில் முழங்காலளவு பனி ஏறிவிடும். விரிகுடா நன்றாக உறைந்த பிறகுதான் இது தணியும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உள்ள டிரைவ்வேயில் 30 சென்ரிமீற்றர் பனி என்றால் 72 கன மீற்றர். புதுப் பனி ஒரு கன மீற்றர் 100 கிலோ என்று வைத்தாலே 7 தொன்னுக்கு மேல். ஈரப் பனியென்றால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இதைச் சவளால் அள்ளித் தீர்க்க முடியாது. ஆகவே பனியை எங்கே கொண்டுபோய் வைப்பது, யார் தள்ளுவது என்பதைப் பனி விழுமுன், ஒக்ரோபரிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

வீடு இன்னும் வாங்கவில்லையென்றால் ஒரு விஷயத்தை விசாரியுங்கள். உங்கள் வளவுக்குப் போகிற றோட்டை நகரசபை குளிர்காலத்திலும் பராமரிக்கிறதா? கிராமப்புறத்தில் சில றோட்டுகளின் தொடக்கத்தில் ‘குளிர்காலப் பராமரிப்பு இல்லை’ என்று பலகை இருக்கும். அந்த றோட்டுக்குப் பனி வாரும் லொறி வராது. தனியார் ஒழுங்கைகளும் அப்படித்தான். கோடையில் வீடு பார்க்கிறவர்கள் இந்தப் பலகையைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

நிலம் உறையுமுன்

நவம்பர் நடுப்பகுதிக்குள் டிரைவ்வேயின் இரு பக்கமும் அடையாளத் தடிகள் நட வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில், நுனியில் ஒளி தெறிக்கும் பட்டியோடு, 4 அடி ஃபைபர்கிளாஸ் தடிகள் கடைகளில் கிடைக்கும். விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி, 5 மீற்றருக்கு ஒன்றாக நடுங்கள். வளைவுகளில் இன்னும் நெருக்கமாக. கிணற்றின் இரும்புக் குழாய், செப்ரிக் (வீட்டுக் கழிவுநீர் போகும் நிலக்கீழ்த் தாங்கி) மூடி, புரொப்பேன் வாயுத் தாங்கி, பெரிய கற்கள், எல்லாவற்றுக்கும் தடி வேண்டும். பனி மூடிய பிறகு, பனி தள்ள வரும் உழவு இயந்திரக்காரருக்கு இவை ஒன்றும் தெரியாது. கிணற்றுக் குழாயில் பிளேட் மோதினால் வரும் செலவு பெரியது. வாசலில் இருக்கும் 911 எண் பலகையும் பனிக்கு மேலே தெரிய வேண்டும். அம்புலன்ஸ்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

பனி தள்ள ஆள் பிடிப்பதென்றால் செப்ரெம்பரிலேயே பேசிவிடுங்கள். ‘சீசனுக்கு இவ்வளவு’ என்பதா, ‘ஒருமுறை வந்தால் இவ்வளவு’ என்பதா, எத்தனை சென்ரிமீற்றர் விழுந்தால் வருவார், காலை எத்தனை மணிக்குள் முடிப்பார், றோட்டில் பனி வாரும் லொறி வாசலில் விட்டுப்போகும் பனி வரம்பை வெட்டுவதும் சேர்ந்ததா, இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வெறும் பிளேட் பூட்டிய பிக்கப்பைவிட, பின்னால் புளோவர் பூட்டிய உழவு இயந்திரம் நீண்ட டிரைவ்வேக்கு நல்லது. பிளேட் பனியை ஓரத்தில் குவிக்கும். புளோவர் தூரத்துக்கு வீசிவிடும்.

திறந்த வயலுக்கு நடுவே டிரைவ்வே போகிறதென்றால் காற்று அள்ளிக்கொண்டு வரும் பனிதான் பெரும் தொல்லை. அதற்குப் பனி வேலி கட்டுவார்கள். 4 அடி உயரம், பாதி வெளி பாதி தடுப்பு, அடியில் 12 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி. வேலி பனியை மறித்து நிறுத்துகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த காற்று, கொண்டுவந்த பனியை வேலிக்கு மறுபக்கம் இறக்கிவைக்கிறது. அந்தக் குவியல் வேலி உயரத்தைப் போல் 35 மடங்கு தூரம் வரை நீளலாம். ஆகவே 1.2 மீற்றர் வேலியை டிரைவ்வேயிலிருந்து காற்று வரும் பக்கமாக 42 மீற்றராவது தள்ளிக் கட்டுங்கள். பக்கத்தில் கட்டினால் அள்ளவேண்டிய பனியை வேலியே கொண்டுவந்து டிரைவ்வேயில் போடும்.

புளோவரும் வாசல் வரம்பும்

சொந்தமாக ஸ்னோ புளோவர் வாங்குவதென்றால், சுருள் அலகு அள்ள, பின்னாலுள்ள விசிறி வீசும் இரண்டு கட்ட இயந்திரம்தான் வேண்டும். ஒரு கட்ட இயந்திரத்தின் ரப்பர் அலகு நிலத்தைத் தொட்டுச் சுற்றுவதால் கிறவலை அள்ளி எறியும். இரண்டு கட்டத்திலும் கவனம் தேவை: இரு பக்கத்திலும் உள்ள சறுக்குத் தகடுகளை இறக்கி, வாய் நிலத்திலிருந்து 2.5 முதல் 3 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். கிறவல் டிரைவ்வேயில் முதல் பனியை முழுதாக வழிக்க வேண்டாம். மூன்று நான்கு சென்ரிமீற்றரை மிதித்து இறுகவிட்டால் அது உறைந்து தளமாகிவிடும். பிறகு கல் கிளம்பாது.

கல்லோ உறைந்த கட்டியோ சிக்கினால் சுருள் அலகில் இருக்கும் ஷியர் பின் உடையும். உடைவதற்காகவே செய்த ஆணி அது. தான் முறிந்து கியர் பெட்டியைக் காப்பாற்றுகிறது. அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போட்டால், அடுத்த கல்லுக்கு கியர் பெட்டியே போய்விடும். உங்கள் மொடலுக்கு உரிய பின்கள் ஆறாவது வாங்கி, ஒரு பையில் போட்டு இயந்திரத்தின் கைப்பிடியிலேயே கட்டி வையுங்கள். குளிரில் இருட்டில் கராஜுக்குள் தேடுவது கடினம்.

ஈரப் பனி புளோவரின் வீசு குழாயில் அடைத்துக்கொள்ளும். அப்போது எஞ்சினை நிறுத்தி, எல்லாம் நின்றுவிட்டதென்று பார்த்த பிறகு, தடியால் குத்தி எடுங்கள். கையை ஒருபோதும் உள்ளே விட வேண்டாம். எஞ்சின் நின்றிருந்தாலும் அடைப்பின் அழுத்தத்தில் அலகு முறுகி நிற்கும். அடைப்பு விலகியதும் ஒரு சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு குளிர்காலமும் விரல்கள் போவது இப்படித்தான்.

இனி வாசல் வரம்பு. பனி வாரும் லொறி போகும்போது உங்கள் வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவில் கட்டியான வரம்பு போட்டுவிட்டுப் போகும். மூன்று நாலு மணித்தியாலத்தில் அது கல்லாகிவிடும். இதைக் குறைக்க வழி இருக்கிறது. வாசலில் றோட்டைப் பார்த்து நில்லுங்கள். லொறி உங்கள் இடப்பக்கமிருந்து வரும். வாசலுக்கு இடப்பக்கத்தில், றோட்டோரமாக நாலைந்து மீற்றர் நீளத்துக்குப் பனியை வெட்டி ஒரு வெற்றிடம் செய்யுங்கள். லொறியின் பிளேட்டில் இருக்கும் பனி அங்கே இறங்கிவிடும். வாசலுக்கு வருவது கொஞ்சம்தான். உங்கள் பனியை எப்போதும் வலப்பக்கம் குவியுங்கள். றோட்டில் தள்ளிவிடுவது ஒன்ராறியோ போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

ஓரக் குவியல்களை முதல் இரண்டு பொழிவிலேயே மிகவும் தள்ளி வையுங்கள். டிசம்பரில் ஒடுங்கலாக வெட்டினால், குவியல் இறுகி உறைந்து, பெப்ரவரியில் தீயணைப்பு வாகனம் நுழைய இடம் இராது.

சவளால் அள்ளுவதும் வேலைதான். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதே நேரத்தில் திடீர்ப் பாரம் இதயத்தை அழுத்தும். எங்கள் ஆட்களுக்கு இதய நோய் அதிகம். நீரிழிவு, பிறஷர் உள்ளவர்கள், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் விடிந்ததும் எழுந்து வெறும் வயிற்றில் அள்ளப் போகாதீர்கள். தள்ளுங்கள், தூக்காதீர்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். நெஞ்சு, தாடை, இடக்கை நோகிறதென்றால் உடனே 911.

கரண்ட் போனால் தண்ணீரும் போகும்

இங்கே கரண்டை ‘ஹைட்ரோ’ என்பார்கள். கிராமத்தில் ஹைட்ரோ போனால் கிணற்று மோட்டர் நிற்கும், மோட்டர் நின்றால் தண்ணீர் இல்லை. அழுத்தத் தாங்கியில் மிஞ்சியிருப்பது சில வாளிதான். புயல் எச்சரிக்கை வந்ததும் குளியல் தொட்டியை நிரப்புங்கள். புதிய மலசலகூடம் ஒருமுறை கழுவ 4.8 முதல் 6 லீற்றர் எடுக்கும். குடிக்கத் தனியாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர்.

ஜெனரேற்றர் வாங்குகிறவர்கள் வாட் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஆழ்கிணற்று மோட்டர் பெரும்பாலும் 240 வோல்ட். 1 குதிரைவலு மோட்டர் ஓட 2,000 வாட் அளவு எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் மூன்று மடங்கு கேட்கும். ஆகவே 240 வோல்ட் வாயுள்ள 7,000 வாட் இயந்திரம் பாருங்கள். உரிமம் பெற்ற எலக்ரீஷியனைக் கொண்டு மாற்றுச் சுவிட்ச் (வீட்டை வெளிக் கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேற்றருக்கு மாற்றுவது) பூட்டியே இணையுங்கள். சுவர் பிளக்கில் குத்தி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தால் அது கம்பி வழியே வெளியே போய், லைன் திருத்துகிறவரைக் கொல்லும். இயந்திரம் வீட்டிலிருந்து 6 மீற்றராவது தள்ளி, வெளியே. கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஓட்டுவதும் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் குழாய். புதிய வகை ஃபேர்னஸின் புகை வெளியேறுவது கூரையால் அல்ல, பக்கச் சுவரிலிருக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்களால். பனி அதை மூடினால் ஃபேர்னஸ் நிற்கும், அல்லது கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு பொழிவுக்கும் பிறகு முதல் வேலை இந்தக் குழாயடியைத் துப்புரவாக்குவது, டிரைவ்வே பிறகு. படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைட் அலாரம் பற்றரியோடு இருக்கட்டும்.

புரொப்பேன் தாங்கியை 80 சதவீதம்தான் நிரப்புவார்கள். அளவு 30க்கு இறங்குமுன் சொல்லிவிடுங்கள். தாங்கிவரை பாதை வெட்டியிராவிட்டால் லொறிக்காரர் திரும்பிவிடுவார். ரெகுலேற்றர் மேலிருக்கும் பனியைத் தும்புத்தடியால் தட்டுங்கள், சவளால் அல்ல.

விறகு வாங்கும்போது ‘புஷ் கோர்ட்’ என்றால் 4 அடிக்கு 4 அடிக்கு 8 அடி, 128 கன அடி. ‘ஃபேஸ் கோர்ட்’ என்றால் அதில் மூன்றில் ஒன்று. விலை கேட்குமுன் எதுவென்று கேளுங்கள். ஒரு வருடமாவது காய்ந்த மேப்பிள், ஆஷ் நல்லது. பச்சை விறகு புகைபோக்கிக்குள் தார் படியச் செய்து தீப்பிடிக்க வைக்கும். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில், வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள். தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

தொடக்கூடாத பனி

செப்ரிக் தாங்கியும், கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் அதன் வயலும் இருக்கும் இடத்தில் பனியை அப்படியே விட்டுவிடுங்கள். தளர்ந்த பனி போர்வை மாதிரி. நிலத்தின் சூட்டைப் பிடித்துவைக்கும். அதை வழித்தாலோ, அதன் மேல் வாகனம் ஓடி இறுகினாலோ உறைவு ஆழமாக இறங்கி குழாய் அடைபடும். கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய்ப் பாதைக்கும் இதேதான். பிள்ளைகள் சறுக்கி விளையாட வேறு இடம் காட்டுங்கள்.

‘குழாய் உறையாமல் இருக்க பைப்பைச் சொட்டவிடு’ என்று நகரத்தில் சொல்வதை இங்கே செய்யாதீர்கள். மெல்லிய சொட்டு செப்ரிக் குழாயில் படலமாக உறைந்து ஏறி, கடைசியில் முழுதாக அடைக்கும். உறையக்கூடிய குழாய்க்குச் சூடாக்கும் கேபிள் சுற்றுங்கள்.

உப்பையும் யோசித்துப் போடுங்கள். சாதாரண உப்பு −10 பாகைக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அதோடு உங்கள் வளவில் போட்ட உப்பு உங்கள் கிணற்றுக்கே இறங்கும். படிகளுக்கும் நடைபாதைக்கும் மணல் போதும். உறையாமலிருக்க வாளியில் மூடி உள்ளே வையுங்கள்.

பெரிய குவியல்களைக் கிணற்றடியிலோ வீட்டுச் சுவரோடோ, வீட்டைவிட மேடான பக்கத்திலோ வைக்காதீர்கள். மார்ச்சில் அவை தண்ணீராகும். பள்ளமான பக்கம் பார்த்து வைத்தால் தண்ணீர் தானாகப் போகும். இல்லாவிட்டால் நிலக்கீழ் அறைக்கு வரும். அந்த நாட்களில், நிலக்கீழ் அறையில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் ஓடுகிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதன் வெளிக்குழாய் நுனி பனிக்கட்டிக்குள் புதைந்திருந்தால், பம்ப் ஓடினாலும் தண்ணீர் திரும்பி உள்ளேதான் வரும். நுனியை வெட்டித் திறந்து விடுங்கள்.